தெற்கு வாசலில் விட்ட ஷூ

1

என் எழுபத்து நான்காவது பிறந்த நாளுக்கு மகள் கவிதா ஒரு ஜோடி ஓட்ட ஷூ வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்ததும் கடையில் அவளை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடிப்பாகம் நம் ஊர் ரப்பர் செருப்பில் பாதிக் கனம்கூட இல்லை. குதிகாலுக்கு மெத்தை கிடையாது. முன்பக்கம் வாத்தின் அலகு போல அகன்று கிடந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் காசு," என்றாள்.

கவிதாவுக்கு நாற்பத்தாறு வயது. நான் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளித் தனியாக இருக்கிறாள். மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுவது அவள் பழக்கம். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வருடத்தில் நாலைந்து முறை வருவாள். வந்தால் மறுநாள் பக்கத்தில் எங்காவது ஓட்டப் பந்தயம் இருக்கிறது என்று பொருள். அவள் காலில் போடுவது இன்னும் விசித்திரம். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ஷூ.

என் முழங்கால் வலி இருபது ஆண்டு பழையது. வந்த புதிதில் வேறொரு வலியை இங்குள்ள மருத்துவரிடம் சொல்லப் போனது தனிக் கதை. நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே கால். இவர்களுக்குப் பாதம் வேறு, கால் வேறு. பாதம் வீங்கியிருப்பதைச் சொல்லப் போய் நான் கால் வீங்கியிருக்கிறது என்றேன். ஒரு மாதம் காக்கவைத்து, கெண்டைக்காலை எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் குறையில்லை என்று மரியாதையாகக் கடிதம் அனுப்பினார்கள். நானும் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். வீக்கம் தானாக வடிந்தது.

மெத்தை வைத்த ஷூவில் நடப்பவர்கள் குதிகாலைத் தரையில் இடித்து நடக்கிறார்கள், அந்த இடி முழங்காலுக்கு ஏறுகிறது என்பது கவிதாவின் கட்சி. எல்லா மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் அவளே சொன்னாள். முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிடம் மட்டும், பிறகு பத்து, ஆறு வாரம் கழித்து மெல்ல ஓடலாம் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினாள். அவள் அம்மா சிவகாமி இறந்து அப்போது பத்து மாதம். அந்தக் கதவில் சிவகாமியின் கையெழுத்தில் இருந்த கடைசிச் சீட்டை எடுக்காமல், அதன் கீழேயே ஒட்டினாள்.

2

முதல் நாள் ஐந்து நிமிடம் நடந்தேன். அந்த ஐந்து நிமிடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடைபாதைக் கற்களின் இணைப்பு, அதில் தேங்கிய ஈரம், உதிர்ந்த இலையின் காம்பு எல்லாம் பாதத்துக்குத் தெரிந்தன. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக நான் நடக்கும் தெரு அது. அது சற்றே இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கெண்டைக்கால் வலித்தது. ஒரு வாரம் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினேன். பிறகு பழகியது. ஆறாவது வாரம், ஒரு காலையில், பூங்காவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஓடிப் பார்த்தேன். விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரை. ஓட்டம் என்றே சொல்ல முடியாது. ஆனால் என் காலடி எனக்குக் கேட்கவில்லை. குதிகால் தரையைத் தொடவே இல்லை. முன்பாதம் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தது. நான் அப்படி ஓட நினைக்கவில்லை. கால் தானாக ஓடியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மூச்சு வாங்கியதைவிட வியப்பு அதிகமாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஷூவுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்று சாகாமல் இருந்திருக்கிறது.

அது எனக்குத் தெரிந்த ஓட்டம்தான். நான் திருச்சி தென்னூரில் பிறந்தவன். அப்பா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். பள்ளியில் மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, அம்மா கட்டித்தரும் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடி, அப்பா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மணிக்குள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். வெறுங்கால். வெயிலில் தார் உருகும். குதிகாலை ஊன்றினால் கொப்புளம். முன்பாதம் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். நிழலிலிருந்து நிழலுக்குத் தாவ வேண்டும். புளியமரத்து நிழல், கடைச் சாக்குப் பந்தல் நிழல், நிற்கும் மாட்டுவண்டியின் நிழல். குழம்பு சிந்தக் கூடாது. சிந்தியதும் இல்லை.

கல்லூரியில் மாணவர் படையில் சேர்ந்தபோது எனக்கு முதல் ஷூ கிடைத்தது. அதன் பிறகு நான் கழற்றவே இல்லை என்று சொல்லலாம். வெறுங்கால் என்றால் அப்பாவின் கால் என்று ஆகிவிட்டது எனக்கு. பொறியாளராகத் திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே யாராவது கேட்டால் அப்பாவுக்கு வெங்காய வியாபாரம் என்றேன். அவர் உயிரோடு இருந்தபோதே சொன்னேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது.

3

சிவகாமியின் முதல் வருடத் திதியைக் காவிரிக் கரையில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தனியாகப் போவதாகத்தான் எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதா தொலைபேசியில், தானும் வருவதாகச் சொன்னாள். பயணத்துக்கு எழுதிவைத்திருந்த சீட்டில் ஒன்று என்பதை இரண்டாகத் திருத்தினேன். 

மறுநாள் விசா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பியபடியே பேசினாள். அந்தப் படிவத்தை நிரப்பியவர்களுக்குத் தெரியும். தாத்தா பாட்டி எந்த நாட்டவர், உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரை கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் போட்டுவந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"முன்னாடி இந்தியா வந்திருக்கீங்களான்னு கேக்குறான்ப்பா. ஆமாம்னு போட்டா எங்க தங்கினீங்க, அப்ப வாங்கின விசா நம்பர் என்னன்னு கேக்குறான். கடைசியா எப்ப போனோம்?"

எனக்கு மாதமும் கிழமையும் தெரியும். நினைவில்லை என்றேன்.

"நான் ஒன்பது வயசு இருப்பேன்ல?" என்றாள்.

இருக்கும் என்றேன். பழைய பாஸ்போர்ட் பரணில் ஒரு சூட்கேஸில் இருந்தது. கறுத்துப்போன முத்திரையும் ஒன்பது வயதுக் கவிதாவின் படமும். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி. எண்ணைப் படித்துச் சொன்னேன். அவள் போனை வைத்த பிறகும் அந்தப் படத்தை மூடவில்லை.

முப்பத்தேழு ஆண்டுகள் என் மகள் திருச்சிக்கு வரவில்லை. பள்ளி முகாம், பரீட்சை, வேலை, பிறகு அவரவர் வாழ்க்கை என்று உறவினர்களுக்குக் காரணம் சொல்லியிருக்கிறேன். இங்கே வளரும் பிள்ளைகள் இப்படித்தான் விலகிப்போகிறார்கள் என்று தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் இதே போன்ற குறிப்புகளில் நானே எழுதியிருக்கிறேன்; சிலர் அதைப் படித்துவிட்டு ஆறுதல் கடிதமும் போட்டார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் விலகவில்லை. நான்தான் கூப்பிடவில்லை.

4

அது ஆடி மாதம். விடுமுறைக்கு வந்திருந்தோம். ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போனோம். கவிதாவுக்குக் கண்ணாடி போல மின்னும் கறுப்பு ஷூ. தெற்கு வாசலில், ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே, எல்லோரும் காலணியைக் கழற்றி விட்டோம். பெருமாளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தாயார் சன்னதிக்கு வந்தோம். அங்கிருந்து வடக்கு வாசல் பக்கம். கூட்டம் தள்ளிய திசையில் போய் வெளியே வந்துவிட்டோம். ஸ்ரீரங்கம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெற்கில் செருப்பை விட்டுவிட்டு வடக்கில் வெளியே வந்து நிற்பது அந்த ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தவறு. உள்ளே திரும்ப விடவில்லை. உச்சி வெயிலில், கோவிலைச் சுற்றி ஓடும் உத்திர வீதி வழியாகத்தான் தெற்குக்குப் போக வேண்டும்.

நானும் சிவகாமியும் தத்தித் தத்தி நடந்தோம். கவிதா ஓடத் தொடங்கினாள். முதலில் சூடு தாங்காமல் ஓடினாள். பிறகு ஓடுவதற்காகவே ஓடினாள். வீட்டு வாசல் நிழல், கொட்டகை நிழல், நின்றிருந்த ரிக்ஷாவின் நிழல். குதிகால் தரையில் படவில்லை. அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அந்த மார்க்கெட்டை அவள் பார்த்ததுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவிதா தமிழ் கற்றது அம்மாவிடமிருந்து மட்டும். நான் அவளிடம் ஆங்கிலத்திலேயே பேசினேன்; எங்கள் ஊரில் வேறு தமிழ்க்குரல் அவள் கேட்டதில்லை. அதனால் சிவகாமி என்னை எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே அவளும் என்னை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்குள் அது வேடிக்கை. அன்றைக்கு நடு வீதியில், திரும்பிப் பார்த்து, "ஏங்க, பிடிங்க பாக்கலாம்," என்று கத்தினாள். வாசல்களில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

தெற்கு வாசலுக்கு வந்தாள். ஷூ அங்கே இருந்தது. நிற்கவில்லை. அதைத் தாண்டி இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள். அந்தப் பக்கத்து வீடு ஒன்றில்தான் தொழிற்சாலையில் எனக்கு மேலாளராக இருந்தவர் குடியிருந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. பின்னாலேயே வந்த என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"என்னய்யா, வெளிநாட்டுல பிள்ளைக்கு ஒரு ஷூ கிடைக்கலையா?"

நான் கவிதாவைப் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்பது நினைவில்லை. பிடித்தேன். அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். வெறுங்காலில் ஓடினால் புழு ஏறும், நோய் வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொய். நான் அறைந்தது நோய்க்குப் பயந்து இல்லை. தூக்குவாளியோடு ஓடிய ஒருவனை அந்த வீதி முழுக்கப் பார்த்துவிட்டது போல இருந்தது எனக்கு.

அவள் அழவில்லை. தெற்கு வாசலுக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து ஷூவைப் போட்டு நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னை "அப்பா" என்று கூப்பிட்டாள். ஊர் திரும்பிய பிறகு சிவகாமி ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனிமே அவளா வரேன்னு சொன்னாத்தான் திருச்சி. நீங்களா கூப்பிடாதீங்க." நான் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

5

சென்ற மாதம் போனோம். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை. காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் திதி முடிந்த மறுநாள், கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டது கவிதாதான். ஆட்டோ ஓட்டியவருக்கு என் வயது இருக்கும். அவரிடம் அவள் "நீ எந்தப் பக்கம் நிறுத்துவ?" என்று கேட்டாள். மரியாதையை எங்கே சேர்ப்பது என்பது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, "தெற்கு வாசல்ல நிறுத்துறேன் கண்ணு," என்றார். பாலத்தில் போகும்போது நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். லண்டனில் விமானம் ஏறியதிலிருந்தே அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு நினைவில்லாவிட்டால் கிளறுவானேன் என்றும் தோன்றியது. நினைவிருந்தால், அதை வைத்துக்கொண்டே முப்பத்தேழு வருடம் எனக்கு மகளாக இருந்தாள் என்று ஆகும். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

காலணி வைக்கும் இடத்தில் ஓர் அம்மாள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். என் ஷூவைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஷூவா சாக்ஸா? சாக்ஸுக்கெல்லாம் டோக்கன் கிடையாது."

ஷூதான் என்றேன். கவிதாவினுடையதைப் பார்த்ததும் அவர் பக்கத்துக் கடைப் பூக்காரம்மாவையும் கூப்பிட்டுவிட்டார்.

"இங்க வந்து பாரேன், மலைக்கோட்டைக் கொரங்கு கால் மாதிரியே இருக்கு. விரல் விரலா. பாப்பா, இது என்ன விலை?"

நாற்பத்தாறு வயதில் பாப்பா என்று அழைக்கப்பட்டதில் கவிதாவுக்கு ஏக மகிழ்ச்சி. விலையைச் சொன்னாள். அந்த அம்மாள் இரண்டையும் தனியாக மேல் தட்டில் வைத்தார்.

கோவிலுக்குள் ஓரிடத்தில் பெருமாளின் பாதணிகள் இருக்கின்றன. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: எந்த மனிதக் காலுக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரிய தோல் செருப்புகள். இடது ஓரிடத்தில் செய்யப்படும், வலது வேறோரிடத்தில். அளவு சொல்லிக்கொள்ளாமல் செய்தும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்பார்கள். பெருமாள் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார், அதனால்தான் பழையவை தேய்ந்திருக்கின்றன என்பார்கள். நான் சிறு வயதில் கேட்டு, படித்த பிறகு சிரித்த விஷயம். கவிதா சிரிக்கவில்லை. குனிந்து, கழுத்தைச் சாய்த்து, பழைய செருப்பு ஒன்றின் தேய்மானத்தை வெகுநேரம் பார்த்தாள். ஓடுபவர்கள் ஷூவை அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"அப்பா, குதிகால் பக்கம் அப்படியே இருக்கு. முன்னாடிதான் தேஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக.

எனக்கு அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கை கூப்பினேன். எந்த நம்பிக்கையோடு கூப்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடக்கிறவர் ஒருவர் அங்கே இருப்பது போல இருந்தது.

தாயார் சன்னதியைச் சேவித்துவிட்டு, வந்த வழியே தெற்குப் பக்கம் திரும்பினேன். கவிதா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பக்கம் போகலாம் என்று வடக்கு வாசலைக் காட்டினாள். ஷூ தெற்கில் இருக்கிறதே என்றேன்.

"தெரியும்," என்றாள்.

வாசலுக்கு அப்பால் வெயில் வெள்ளையாக நின்றது. அந்த வாசற்படிக்கு உள்ளே, நிழலில், நான் சொன்னேன். அடுக்கி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. உன்னை இந்த வீதியில் அறைந்தேன் என்றேன். புழு, நோய் என்றதெல்லாம் பொய் என்றேன். உன் தாத்தா மூட்டை தூக்கியவர், நான் அவருக்கு வெறுங்காலில் சாப்பாடு கொண்டுபோனவன், அதை மறைத்தேன், அதற்காக உன்னை அடித்தேன் என்றேன். தாத்தா மூட்டை தூக்கியதை அவள் கேள்விப்படுவது அதுதான் முதல் முறை. நிழலிலிருந்து நிழலுக்கு ஓடும் வித்தையையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் அப்பாவின் குரல் போல எனக்கே கேட்டது.

அவள் வெளியே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறைஞ்சது ஞாபகம் இருக்கு," என்றாள். "இல்லன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் கோவமா இருந்தேன்."

நான் தலையை அசைத்தேன்.

"ஆனா அதுக்கு முன்னாடி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"நீங்க ஓடினீங்கப்பா. நான் ரெண்டாவது சுத்து போயிட்டேன், கார்னர் வரைக்கும் போயிட்டேன். பின்னாடி சத்தமே இல்ல. திரும்பிப் பாத்தா நீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட. கால் தரையில படவே இல்ல. அப்படி ஒரு ஆள் ஓடி நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. என்னைத் தாண்டிப் போயி முன்னாடி நின்னு பிடிச்சீங்க. எனக்கு ஒரு செகண்டு சந்தோஷம். அப்பா விளையாட வந்துட்டாருன்னு. அப்புறந்தான் அறைஞ்சீங்க."

படிக்கு வெளியே ஒரு காலை வைத்துச் சூடு பார்த்தபடி, "நான் ஏன் ஓட ஆரம்பிச்சேன்னு நினைச்சீங்க?" என்றாள். "அந்த மாதிரி ஓடணும்னுதான். இன்னும் வரல."

 முப்பத்தேழு ஆண்டுகள் அந்த நாளை நான் நினைத்திருக்கிறேன். அறை, மேலாளரின் முகம், இரட்டை முடிச்சு எல்லாம் இருந்தது. என் கால் இல்லை. எதை மறைக்க நான் அவளை அடித்தேனோ, அதையே அடிப்பதற்கு முந்தைய நிமிடம் வீதி முழுக்க ஓடிக் காட்டியிருக்கிறேன். அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பிறந்த நாளன்று அந்த ஷூப் பெட்டியைக் கொடுத்தபோது அவள் கேட்டது இன்னொரு முறை அப்படி ஓடச் சொல்லித்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கவிதா வெயிலில் இறங்கினாள். இப்போது வீதியில் நிழல் குறைவு. ஒரு கார், ஒரு தள்ளுவண்டி, கடைக் கூரைகள். நாலு நிழல் தாண்டி நின்று திரும்பினாள். நரைத்த முடி காதோரம் ஒட்டியிருந்தது.

"ஏங்க," என்றாள். "பிடிங்க பாக்கலாம்."

அந்தச் சொல்லால் என்னை அழைக்க இனி யாரும் இல்லை என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். தார் சுட்டது. முன்பாதம் தொட்டது, எடுத்தது. தள்ளுவண்டியின் நிழல், காரின் நிழல். முழங்கால் முனகியது, முனகட்டும். கொய்யாப்பழம் விற்றவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். கிழக்கு உத்திர வீதியில் திரும்பினோம். நான் அவளைப் பிடிக்கவில்லை. அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் பிடிக்க முடியவில்லை. பாதி தூரம் நடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய மேலாளரின் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதி.

தெற்கு வாசல் வந்தது. டோக்கன் அம்மாள் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு மேல் தட்டுக்குக் கையை நீட்டினார். கவிதா நின்று, மூச்சு வாங்க, என்னைப் பார்த்தாள். நான் நிற்கவில்லை. அவளையும் தாண்டினேன்.

"சார், உங்க சாக்ஸு," என்றார் அந்த அம்மாள் பின்னாலிருந்து.

"அங்கேயே இருக்கட்டும்மா," என்றேன். "இன்னொரு சுத்து போயிட்டு வரேன்."